எழுநூற்று நாற்பது கிலோவுக்குள் ஒரு விடுமுறை

கனடாவுக்கு வந்து நான் ஊன்றி வாசித்த முதல் எழுத்து, மாமாவின் பிக்கப் கதவு விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு சின்னத் தாள். உள்ளங்கை அகலம்தான். மேலே ஒரு மஞ்சள் பட்டை. இந்த வண்டியில் ஏறும் ஆட்களும் பொருட்களும் சேர்ந்து 740 கிலோவைத் தாண்டக் கூடாது என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் போட்டிருந்தது.

மாமா அந்த வண்டியை ஆறு வருடமாக ஓட்டுகிறார். அந்தத் தாளை அவர் வாசித்ததில்லை.

"உது ரயருக்குக் காத்தடிக்கிற கணக்கெண்டெல்லோ நினைச்சனான்" என்றார்.

என்னால் அதைப் பார்க்காமல் போக முடியாது. நான் வவுனியாவில் அளவை நிறுவைப் பரிசோதகர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியானதற்கு முத்திரை வைப்பது என் உத்தியோகம். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். அம்மா அதே ஆலையில் அரிசி புடைத்தவர். இருவருக்கும் தராசின் எண்ணை வாசிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். இதை இந்தக் கட்டுரையில் இன்னும் இரண்டொரு தடவை சொல்லுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா அம்மாவின் தம்பி. ஊரில் லொறி ஓட்டியவர். முப்பது வருடத்துக்கு முன் வந்து, பார்க்டேலில் ஒரே அறையில் ஐந்து பேரோடு படுத்து எழும்பி, பிறகு மல்வேர்னில் வீடு எடுத்தவர். இப்போது பிக்கப்பில் தரை ஓடுகள் ஏற்றி இறக்குகிறார். விமான நிலையத்தில் என் இரண்டு பெட்டிகளையும் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது இருபத்திமூண்டு, மற்றது இருபத்திரண்டரை" என்றார். சரியாகத்தான் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. பரிசோதகருக்குக் கைத்தராசு மேல் நம்பிக்கை வரக் கூடாது.

மாமிக்குக் கேக் செய்யும் தொழிற்சாலையில் வேலை. இருபத்திரண்டு வருடமாக முன்பின் தெரியாத ஆட்களின் பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதுகிறார். இவ்வளவு வருடத்தில் இருவரும் ஒரு பயணம் போனதில்லை. கலியாண வீடு, சாவு வீடு, கோயில் திருவிழா என்று போனதெல்லாம் அவர்கள் கணக்கில் பயணம் இல்லை. ஒரே மகன் அல்பேர்ட்டாவில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போவதும் கணக்கில் இல்லை. ஒரு ஏரிக்கரையில், கதவைத் திறந்தால் தண்ணீர் தெரிகிற மாதிரி ஒரு காலையில் எழும்ப வேண்டும். அதுதான் மாமியின் ஆசை. அதற்காக ஐந்து நாள் லீவு எழுதிக் கேட்டு, இந்த முறை தொழிற்சாலையும் கொடுத்துவிட்டது. என்னை ஒரு மாதத்துக்குக் கூப்பிட்டதும் இதற்குத்தான். "மருமகளும் வாறாள், மூண்டு பேருமாப் போவம்" என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. கிழக்கே மூன்று மணி நேரத்தில், மணல் மேடுகளுக்குப் பெயர்போன ஒரு பூங்காவில் இடமும் எடுத்தாயிற்று.

மாமா ஒரு வெள்ளைக்காரப் பெரியவரிடமிருந்து பழைய கேம்பர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். பிக்கப்பின் பின்தட்டில் அப்படியே ஏற்றி வைக்கிற குட்டி வீடு அது. நத்தை ஓட்டைச் சுமக்கிற மாதிரி வண்டி அதைச் சுமக்க வேண்டும். உள்ளே கட்டில், அடுப்பு, ஒரு மூலையில் கழிவறை. மாமி அதற்கு ஏற்கெனவே திரைச்சீலை தைத்துவிட்டார்.

கேம்பரின் பக்கத்தில் ஒரு தகடு இருந்தது. நிறை 480 கிலோ.

"எழுநூத்தி நாப்பதில நானூத்தி எம்பது போனா இருநூத்தி அறுபது" என்றார் மாமா. "மூண்டு சனம். பிறகென்ன? இன்ஸ்பெக்டர் அம்மா கையெழுத்து வைக்கலாம்தானே?"

"அது வெறும் பெட்டியின்ர நிறை மாமா. காஸ் சிலிண்டர் இல்லை, பற்றரி இல்லை, மெத்தை இல்லை. தண்ணித் தாங்கி வெறுமை."

"கண்டி றோட்டில இருநூறு மூட்டை ஏத்தி இறக்கினவன் நான். வில்லு மடங்கிறதைப் பாத்தே பாரம் சொல்லுவன்."

"அப்ப லொறிக் கதவில தாள் இருந்ததோ?"

"லொறிக்குக் கதவே இருக்கேல்லை" என்றார் மாமா.

மூன்றாம் நாள் நிறுவை தொடங்கியது. வீட்டில் தராசு இல்லை. பக்கத்து வீட்டு நிஸார் நானாவிடம் குளியலறைத் தராசு ஒன்று இரவல் வாங்கினேன். நானா மன்னாரைச் சேர்ந்தவர், வாகனத் திருத்தகம் வைத்திருக்கிறார். முதலில் தராசைச் சோதித்தேன். சமையலறையில் பிரிக்காமல் இருந்த நாற்பது இறாத்தல் அரிசிப் பையை வைத்தேன். பதினெட்டு கிலோ காட்டியது. சரி. பிறகு சிலிண்டர் இரண்டு, பற்றரி, மெத்தை, குட்டிக் குளிர்சாதனப் பெட்டி. எல்லாம் எழுபது. ஆக வீடு 550.

அடுத்தது ஆட்கள். மாமா சப்பாத்தோடு ஏறி நின்றார். எழுபத்தெட்டு. இறங்கும்போது மாமியைப் பார்த்துக் கண்ணடித்தார். அது பெரிய பிழை.

"உதை ஆர் இஞ்ச கொண்டந்தது?" என்றார் மாமி.

"கணக்குக்கு மாமி. ஒருக்கா ஏறி நிண்டால் காணும்."

"நான் என்ன பூசணிக்காயோ, தட்டில வைச்சுப் பாக்க?"

அன்று மத்தியானம் இடியப்பமும் மீன் குழம்பும் மேசைக்கு வந்த விதத்திலேயே கோபம் தெரிந்தது. சாப்பிட்டு முடிந்ததும் மாமி நாலாக மடித்த ஒரு துண்டுத் தாளை என் கையில் திணித்தார். பிரித்தேன். 52.

"எங்க நிறுத்தது மாமி?"

"கனடாவுக்கு எடுக்கேக்க மெடிக்கல் செய்தவங்கள். அதில இருக்கு."

"அது எந்த வருசம்?"

"வருசம் என்னத்துக்கு? டொக்டர் சைன் வைச்சது."

கையொப்பம் உள்ள ஆவணங்களை நான் எப்போதும் மதிப்பவள். 52 என்று எழுதிக்கொண்டேன். என் பெயருக்கு நேரே 51 என்று போட்டேன். உத்தியோகத்தில் சேரும்போது எடுத்த மருத்துவச் சான்றிதழில் அப்படித்தான் இருந்தது. அதற்கும் ஒரு டொக்டர் கையொப்பம் வைத்திருந்தார். மேலும் தராசைச் சோதிக்கிறவர் அதில் ஏறி நிற்பது மரியாதையாக இராது என்று எனக்குப் பட்டது.

550, 78, 52, 51. கூட்டினால் 731. மிச்சம் ஒன்பது கிலோ. ஐந்து நாளைக்கு மூன்று பேருக்கு உடுப்பும் சாப்பாடும் ஒன்பது கிலோவுக்குள். தண்ணீரைப் பூங்காவில் போய் நிரப்புவது. இரண்டு பேரையும் இருத்தி வைத்து விளங்கப்படுத்தினேன். இரண்டு பேரும் வகுப்பறையில் இருப்பது போல் தலையாட்டினார்கள். இதுவரை யாரும் எனக்கு அப்படித் தலையாட்டியதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் கேம்பரை ஏற்றினோம். அது நாலு இரும்புக் காலில் நிற்கும். அதன் கீழே பிக்கப்பைப் பின்னால் விட வேண்டும். மாமா பின்னால் விட, நானா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வேலைக்குப் போகப் புறப்பட்ட இரண்டு அயலவர்கள் மற்றப் பக்கம். "வா, வா, வா, நில்லு" என்று நாலு பேரும் நாலு விதமாகக் கத்தினோம். ஊரில் லொறி பின்னால் எடுக்கும்போது கேட்கிற அதே சத்தம். இத்தனை ஆயிரம் மைல் தாண்டியும் ஒருவரும் கைச்சைகை பழகவில்லை. மூன்றாம் முறைதான் உள்ளே போனது. பிக்கப்பின் பின்பக்கம் மெல்லக் குந்தியது.

"பின்வில்லுக்கு ரெண்டு காத்துப் பை போட்டா நல்லாத் தூக்கிக் குடுக்கும் மகள்" என்றார் நானா.

"தூக்கும் நானா. ஆனா அச்சும் பிரேக்கும் பழைய அச்சும் பிரேக்கும்தானே? கதவில இருக்கிற எண் மாறாதே."

நானா தாடியைத் தடவினார். "படிச்ச புள்ள சொல்றது சரிதான். ஆனா இப்பிடிச் சரியாச் சொல்லிட்டிருந்தா நான் எப்பிடி மகள் காத்துப் பை விக்கிறது?"

எட்டாம் நாள் காலை புறப்பட்டோம். எனக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒஷாவாவைத் தாண்டுவதற்குள் பொது லொறித் தராசு ஒன்றில் வண்டியை ஏற்றி, நிறைச் சீட்டு வாங்க வேண்டும். வண்டியும் அதிலுள்ள எல்லாமும் சேர்ந்து 3,200 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது தயாரித்தவர்கள் விதித்த எல்லை. வெறும் வண்டி 2,460, ஏறுவது 740; என் கணக்கின்படி சரியாக 3,200 வரும். அந்தச் சீட்டைப் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன். வாசகங்கள்கூடத் தயார்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்தது. எதிரே வந்தவர்கள் வெளிச்சம் அடித்துக் காட்டினார்கள். பட்டப்பகலில் எங்கள் முன்விளக்கு அவர்கள் கண்ணில் குத்தியிருக்கிறது. "மரியாதையான சனம், வணக்கம் சொல்லுதுகள்" என்றார் மாமா. ஆனால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பின்னிருக்கையில் என் காலுக்கருகே மாமியின் இரண்டு சில்லு வண்டி ஒன்று, சாமான் வாங்கப் போகும்போது மல்வேர்னில் எல்லாரும் இழுத்துப் போகிற அந்தக் கூடை வண்டி, துவாயால் மூடப்பட்டிருந்தது. "உடுப்பு" என்றார் மாமி. தொட்டுப் பார்த்தேன். மிகக் கடினமான உடுப்பு.

ஒஷாவா லொறி நிலையத்தில் தராசு ஒரு நீளமான இரும்பு மேடை. கண்ணாடி அறைக்குள் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் இருந்தார். ஆங்கிலத்தில் ஒலிபெருக்கியில்தான் பேசுவார். ஏறி நின்றோம்.

"மூவாயிரத்து நானூற்று அறுபது" என்றது ஒலிபெருக்கி. லொறி நிலையம் முழுதும் கேட்டது.

இருநூற்று அறுபது கிலோ கூட. பிழையான தராசு என்று சொல்ல வாய் திறந்தேன். சந்தையில் அகப்பட்ட ஒவ்வொரு வியாபாரியும் என்னிடம் சொல்லும் முதல் வசனம் அதுதான் என்று நினைவு வந்து மூடிக்கொண்டேன். தராசின் பக்கத்தில் முத்திரைத் தகடும் இருந்தது. போய்ப் பார்த்தேன். நடப்பு முத்திரை.

"எல்லாரும் இறங்குங்கோ" என்றேன். உத்தியோகக் குரல்.

முதலில் பின்தட்டு. கேம்பரின் அடிப்பகுதி ஒடுக்கம். சில்லுக்கு மேலே எழும்பி நிற்கிற மேட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இடுக்கு இருக்கிறது. அதற்குள் கையை விட்டேன். மணல் மூட்டை. நாலு மூட்டை.

"மாமா, இது என்ன?"

"மணல்."

"மணலெண்டு தெரியுது. ஏன்?"

"பனிக்கு வழுக்காமல் இருக்கப் போடுறது. இஞ்ச எல்லாரும் போடுறவங்கள்."

"இது ஆடி மாசம் மாமா!"

"எடுக்க மறந்துபோனன். பிறகு பாத்தன், வண்டி நல்லாக் குந்தி நிக்குது, கிடக்கட்டும் எண்டு விட்டனான்."

மணல் மேடு பார்க்க மூன்று மணி நேரம் ஓடுகிறவர்கள், கையோடு நூற்றெட்டு கிலோ மணலும் கொண்டு போகிறோம். கண்ணாடி அறைப் பெரியவர் வெளியே வந்து, தமக்கு வேண்டும், மார்கழிக்கு உதவும் என்று நாலையும் சுவர் ஓரமாக அடுக்கச் சொன்னார். மறுபடி ஏறினோம். 3,350.

அடுத்தது தண்ணீர்த் தாங்கி. தட்டினேன். நிறைந்த சத்தம்.

"வீட்டில நல்ல தண்ணி வரேக்க பூங்காத் தண்ணியை ஏன் நம்புவான் எண்டு…" மாமா இழுத்தார். எழுபத்தைந்து லீற்றர். குழாயைத் திறந்துவிட்டு மூன்று பேரும் அது வடிகானில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நேரத்தில் மாமி எங்களுக்கு மீன் ரோல்ஸ் தந்தார். பெரியவருக்கும் ஒன்று கொடுத்தார். 3,280.

இனி கூடை வண்டி. துவாயை எடுத்தேன். தோசைமா அரைக்கிற கிரைண்டர். அதன் கீழே நான் தராசு சோதித்த அதே நாற்பது இறாத்தல் அரிசிப் பை. பக்கத்தில் சோடா ஒரு பெட்டி, ஆறு தேங்காய், ஒரு பெரிய சட்டி.

"ஏரிக்கரையில தோசை சுட்டா நல்லாயிருக்கும் எண்டு நினைச்சன்" என்றார் மாமி. என்னைப் பார்க்காமல் சொன்னார். இறக்கினோம். 3,230.

இன்னும் முப்பது கூட. எனக்கு விளங்கவில்லை. பின்னிருக்கையில் தாளை விரித்து மறுபடி கூட்டினேன். மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"முப்பது கிலோ ஒரு பாரமோ பிள்ளை? ஒரு ஆட்டுக்குட்டி. விடு, போவம். ஆர் பாக்கப் போறான்?"

"நான் இப்பிடி வரமாட்டன் மாமா. பிரேக் பிடிக்காட்டி?"

"முப்பது வருசம் வண்டி ஓடுறன்!"

"அந்தத் தாளை வாசிக்காமல் ஓடினனீங்கள்!"

சொன்னதும் எனக்கே சுட்டது. மாமாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. ரயர், காற்று என்றதெல்லாம் அந்தத் தாளில் இருந்த படத்தைப் பார்த்துச் சொன்னது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான் என்று பெருமை பேசுகிறவளுக்கு, படிக்காதவர்கள் அதே வீட்டு ஆட்கள்தான் என்பது மறந்து போயிருக்கிறது. மாமா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அப்போது மாமி முன்னிருக்கைப் பட்டியைக் கழற்றினார். கைப்பையை மடியிலிருந்து எடுத்தார். "நான் இறங்கிறன். மாமாவும் மருமகளும் போங்கோ. எனக்குக் கால் நோகுது, வீட்ட கிடந்து எழும்பினாப் போதும்" என்றார். இருபத்திரண்டு வருடம், ஐந்து நாள் லீவு, தைத்த திரைச்சீலை. எல்லாவற்றையும் கடைக்குப் போய்வருகிறேன் என்பது போலச் சொல்லிவிட்டுக் கதவில் கை வைத்தார்.

நான் பின்கதவைத் திறந்து குதித்தேன். யோசித்துச் செய்ததில்லை. மாமியின் கால் தரையைத் தொடுவதற்குள் என் கால் தொட வேண்டும் என்பது மட்டுமே மனதில் இருந்தது. மேடையை விட்டு விலகி ஓடினேன்.

"மூவாயிரத்து நூற்று எழுபது!" என்றது ஒலிபெருக்கி. பெரியவருக்கும் இதில் இப்போது ஆர்வம் வந்துவிட்டது. "இப்போது சரி! போகலாம்!"

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். மாமா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். முகத்தில் மெதுவாக வெளிச்சம் வந்தது.

"மூவாயிரத்து இருநூத்தி முப்பதில மூவாயிரத்து நூத்தி எழுபது போனா, அறுபது" என்றார். "நீ உன்ரை தாளில எத்தினை எழுதினனீ பிள்ளை?"

நான் கையில் இருந்த தாளை மடித்தேன்.

"அம்பத்தொண்டு எண்டெல்லோ எழுதினனீ?"

"டொக்டர் கையெழுத்து வைச்சது" என்றேன்.

மாமா சிரித்த சிரிப்பில் வண்டி மேடையில் ஆடியது. மாமியும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பின் நடுவே மாமா அவர் பக்கம் திரும்பி, "அப்ப இஞ்சாரும், உம்மையும் ஒருக்கா இறக்கிப் பாப்பமோ?" என்றார்.

"இறக்கிப் பாருங்கோ, தெரியும்" என்றார் மாமி. மாமா உடனே கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

நான் வர மாட்டேன் என்று சொன்னதும் மாமி அழுதார். கோபித்தார். உடுப்பையும் மிச்சச் சாப்பாட்டையும் இறக்கிவிட்டு என்னை ஏற்றலாம் என்றார். எழுதிக் காட்டினேன், போதாது. நான் இல்லாவிட்டால்தான் கணக்குச் சரி. மாமாவிடம் போய், "நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது மாமா" என்றேன். அவர் கதவைத் திறந்து அந்தத் தாளைக் காட்டினார். "வாசி" என்றார். தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார். பிறகு, "எழுநூத்தி நாப்பது. இனி மறக்கன்" என்று கதவைச் சாத்தினார்.

சோடாப் பெட்டி பெரியவருக்கு. தேங்காயும் சட்டியும் கிரைண்டரும் அரிசியும் கூடை வண்டியில், என் கையில். பிக்கப் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு கிழக்கே போனது. நான் மேற்கே போகிற பஸ்ஸுக்கு நின்றேன்.

கனடாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அருவி பற்றி எழுதுவார்கள், உயரமான கோபுரம் பற்றி எழுதுவார்கள். நான் எழுத வேண்டியது அந்த பஸ் பற்றி. சாரதி என்னையும் வண்டியையும் பார்த்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். பெருமூச்சு விட்டபடி முழு பஸ்ஸும் என் பக்கமாகச் சாய்ந்து, படி தரைக்கு இறங்கியது. வவுனியாவில் பஸ்ஸுக்கு நாங்கள்தான் குனிவோம். இங்கே பஸ் குனிகிறது. ஆனால் அன்று மட்டும் அது மரியாதையாகத் தெரியவில்லை. ஒலிபெருக்கிச் செய்தி இவருக்கும் எட்டிவிட்டதோ என்று பட்டது.

ஸ்காபரோவில் இறங்கி மல்வேர்ன் பஸ் மாறினேன். பின்னேர வேலைக்குப் போகிறவர்களின் கூட்டம். எனக்கு முன்னால் இருந்த இரண்டு அன்ரிமார் கூடை வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"கிரைண்டர். ஆரும் வித்திருப்பினம்" என்றார் ஒருவர்.

"இல்லையடி, பிள்ளை வீட்டை விட்டு வெளிக்கிட்டிட்டுது போல. அரிசியும் கொண்டு போகுது. கெட்டிக்காரி" என்றார் மற்றவர்.

நான் திருத்தவில்லை.

வீட்டுக்குப் போனதும் நிஸார் நானாவின் தராசில் ஏறினேன். கதவைப் பூட்டிவிட்டுத்தான். அறுபது. ஒஷாவாத் தராசு சரி. ஐந்து நாளும் தோசை சுட்டுத் தனியே சாப்பிட்டேன். இரண்டாம் நாள் காலை மாமா ஒரு படம் அனுப்பினார். திறந்த கதவு, திரைச்சீலை, அதற்கப்பால் எல்லையில்லாமல் தண்ணீர். படியில் மாமி தலை வாராமல், கையில் தேநீரோடு. படத்தின் கீழே மாமாவின் குரல் பதிவு: "இன்ஸ்பெக்டர் அம்மா, பிரேக் நல்லாப் பிடிக்குது."

முப்பதாம் நாள் விமான நிலையம். மாமா என் பெட்டிகளைத் தூக்கிப் பார்க்கவில்லை. "நீயே நிறு" என்றார். இரண்டும் சரியாக இருபத்துமூன்று. மாமி கட்டிப்பிடித்துவிட்டு, நாலாக மடித்த ஒரு துண்டுத் தாளை என் கையில் திணித்தார். "ஏறினாப் பிறகு பார்" என்றார்.

விமானம் எழும்பியபின் பிரித்தேன். ஒரு எண் இருந்தது. ஐம்பத்திரண்டு இல்லை. கீழே கேக்கில் எழுதுகிற அதே வளைந்த கையெழுத்தில்: "உண்மையாய் ஏறி நிண்டு பாத்தது. மாமாவுக்குச் சொல்லாதை. வாற வருசம் இதை வைச்சு மூண்டு பேருக்கும் கணக்குப் போடு."

அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். கூட்டல் கழித்தல் தெரிந்தவர்கள் மேலே உள்ள எண்களை வைத்து ஏறத்தாழக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்தால் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உத்தியோகத்தில் சேர்ந்த நாள் முதல் நான் மறைக்கிற ஒரே நிறை அது.